பாகை இருக்கும்போது ரேடியன் எதற்கு? வட்ட இயக்கக் கணக்கில் பாகையை இட்டால் விடை ஏன் தவறுகிறது?

படிவம் 5 கூடுதல் கணிதத்தின் முதல் பாடமே இதுதான் என்பதால், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிரத்தியேக வகுப்பு நடத்தும் என்னிடம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இதைக் கேட்கிறார்கள். பாகையை ரேடியனாக மாற்றும் வாய்பாட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

வாய்பாட்டை ஒதுக்கிவிட்டு ஒரு பால்மரத்தை (ரப்பர் மரத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 50 சென்டிமீட்டரை எட்டிய மரத்தைத்தான் வழக்கமாகப் பாலெடுக்கச் சீவத் தொடங்குவார்கள். அதன் ஆரம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். அதே நீளத்துக்கு நூலை நறுக்கிப் பட்டையின்மேல் கிடைமட்டமாகச் சுற்றி வைத்தால், நூலின் இரு முனைகளும் மரத்தின் மையத்தில் அமைக்கும் கோணமே ஒரு ரேடியன். அதாவது, வில்லின் (நூல் படியும் வளைவின்) நீளத்தில் எத்தனை ஆரங்கள் அடங்குகின்றன என்ற எண்ணிக்கைதான் ரேடியன். அதனால்தான் அதை ஆரத்தால் பெருக்கியதும் வில்லின் நீளம் கிடைக்கிறது. பாதிச் சுற்றுக்குக் கோணம் பை (π) ரேடியன், வில் 25 சென்டிமீட்டர். மரம் பருத்துச் சுற்றளவு 80 ஆனாலும் கோணம் அதே பைதான், வில் மட்டும் 40 ஆகிறது. (சீவும் கோடு 30 பாகை சரிந்து இறங்குவதால் கத்தி கடக்கும் தூரம் 25 அன்று, ஏறக்குறைய 29. அந்தச் சரிவைக் குறிக்கப் பாகையே போதும். அங்கே சாய்வை அளக்கிறோமே தவிர, கோணத்தை வில்லாக மாற்றுவதில்லை.)

இந்தச் சிந்தனை பழையது. கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயம், வட்டத்தை 21,600 கலைகளாகப் பகுத்து, ஆரத்தையும் அதே கலைகளில் 3438 என்று அளந்து சைன் அட்டவணையை அமைக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை. 3438ஐ 60ஆல் வகுத்தால் 57.3, அதாவது ஒரு ரேடியனுக்கு உரிய பாகை.

இனி வட்ட இயக்கம். 0.28 மீட்டர் ஆரமுள்ள கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) சக்கரம் வினாடிக்கு 50 ரேடியன் சுழன்றால், வண்டியின் வேகம் வினாடிக்கு 14 மீட்டர், மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அதே சுழற்சியை 2865 பாகை என்று எழுதி ஆரத்தால் பெருக்கினால், வினாடிக்கு 802 மீட்டர் என்று விடை வரும். ஒலியைவிட இரு மடங்குக்கும் அதிக வேகத்தில் எந்தக் கப்சாயும் ஓடாது. பாகை என்பது ஆரங்களின் எண்ணிக்கை அன்று என்பதால், அந்தப் பெருக்கலுக்குப் பொருளே இல்லை.

கேள்வியில் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று கொடுத்திருந்தால், பாகையின் பக்கமே போக வேண்டாம். சுற்றுகளை இரண்டு பையால் பெருக்கி 60ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை ரேடியன் என்பது நேராகவே வந்துவிடும்.