மால்லாக் செய்த இடத்தில் ஆப்ஜெக்ட்டை காப்பி செய்தால் சில நேரம் மட்டும் கிராஷ் ஆவது ஏன்?

சி++-இல் மால்லாக்கில் (வெறும் மெமரியை மட்டும் தரும் ஃபங்ஷன்) இடம் வாங்கி, அதில் எஸ்டிடி காப்பியால் ஆப்ஜெக்ட்டுகளைப் போடுகிறீர்கள். உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது, வெளியே கொடுத்தால் விழுகிறது. இதுதானே கேள்வி? "உன் மெஷினில் மட்டும் எப்படி ஓடுது?" என்று யாராவது இதற்குள் கேட்டிருப்பார்கள். என்னைக் கேட்டார்கள். அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன்.

முதலில் பதில். எஸ்டிடி காப்பி செய்வது அசைன்மென்ட், அதாவது இருக்கிற ஆப்ஜெக்ட்டின் மதிப்பை மாற்றுவது. அங்கே ஏற்கெனவே உயிரோடு ஒரு ஆப்ஜெக்ட் இருக்கிறது என்று அது நம்புகிறது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், பழைய தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் நாற்று வைக்கிற வேலை. நீங்கள் காட்டுவதோ வெறும் குழி. பிடுங்க வந்தவன் கையில் என்ன சிக்குகிறதோ அதைப் பிடுங்குவான். ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்றால், பழைய பாயிண்டர் (மெமரி முகவரி) என்று நினைத்துக் குப்பையை ஃப்ரீ செய்யப் பார்க்கும், அதாவது அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். வெறும் குழியில் நாற்று வைக்க எஸ்டிடி அன்இனிஷியலைஸ்ட் காப்பி என்று தனியாக ஒன்று இருக்கிறது. சி++-இன் 1998 தரநிலையிலிருந்தே இருக்கிறது. அது ஒவ்வொரு இடத்திலும் காப்பி கன்ஸ்ட்ரக்டரை (நகலாகப் புது ஆப்ஜெக்ட் கட்டும் ஃபங்ஷன்) கூப்பிடும். நடுவில் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்தால் அதுவரை கட்டியதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் வெளியே வரும்.

இனி என் கதை. கோத்தகிரிப் பக்கம் இலை எடை போடும் ஷெட்டுகளில் வைக்க ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி செய்துகொண்டிருந்தோம். விவசாயி பெயர், எடை, கழிவு (எடையில் பிடித்துக்கொள்வது), அவ்வளவுதான் ஒரு பதிவு. கோட் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. மால்லாக், அடுத்த வரியில் எஸ்டிடி காப்பி. மேசையில் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. ஷெட்டில் வைத்த முதல் வாரமே விழுந்தது. கீழே சமவெளியில் இருந்த மேலதிகாரி, "மலையில கரண்ட் சரியில்ல, பனி வேற, ஈரம் இறங்கியிருக்கும்" என்று முடித்துவிட்டார். நானும் நம்பி யுபிஎஸ் வாங்கினேன், சிலிகா ஜெல் பொட்டலம்கூடப் போட்டேன். சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம் ஷெட்டிலேயே உட்கார்ந்தேன். இலை ஏஜென்ட் அண்ணன் தன் சொந்த இலையைப் போடும்போது பெயரை நிரப்பாமல் எடையை மட்டும் தட்டினார். பெட்டி செத்தது. "பாத்தீங்களா தம்பி, நான் போட்டா மட்டும் நின்னுடுது" என்றார். அன்றைக்குத்தான் விளங்கியது. லினக்ஸ் புதிதாகக் கொடுக்கும் மெமரிப் பக்கங்கள் முழுக்கப் பூஜ்ஜியம். அப்போது நாங்கள் வைத்திருந்த ஜிசிசி 7 கம்பைலரில், பூஜ்ஜியமாகக் கிடக்கும் ஸ்ட்ரிங்குக்கு ஏதாவது ஒரு பெயரை அசைன் செய்தால் கொள்ளளவு போதாது என்று புது இடம் வாங்கிவிடும். பழைய பாயிண்டர் நல் (எதையும் காட்டாத பூஜ்ஜிய முகவரி), அதை டெலீட் செய்தால் ஒன்றும் ஆகாது. தப்பு தெரியாமல் ஓடிவிடும். வெற்றுப் பெயர் வந்தால் புது இடம் தேவையில்லை, நேராக நல் முகவரியில் முடிவு எழுத்தை எழுதப் போய் விழும். (பூஜ்ஜியமோ இல்லையோ, தரநிலைப்படி எல்லாமே தப்புதான். அதைச் சொல்லக் கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.) இன்னொன்று: மேசையில் ஒவ்வொரு சோதனைக்கும் ப்ரோகிராமைப் புதிதாக ஆரம்பிப்பேன். ஷெட்டில் காலையில் போட்டால் இரவுவரை ஓடும். காலையில் ஃப்ரீ செய்த இடமே மாலையில் பழைய குப்பையோடு திரும்பி வரும், 'இன்வேலிட் பாயிண்டர்' என்று நிற்கும்.

இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். வெறும் மெமரிதானே, பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி போதும் என்று மாற்றினேன். கிராஷ் நின்றது. மறுநாள் ரசீதில் போஜனின் 42 கிலோ ராமன் பெயரில் வந்தது.

ஜிசிசி ஸ்ட்ரிங் 15 பைட்வரை தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதன் பாயிண்டர் தன் வயிற்றையே காட்டிக்கொண்டிருக்கும். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். போஜன் என்பது ப, ஓகாரக் குறி, ஜ, ன, புள்ளி என்று ஐந்து, சரியாக 15. ராமனும் 15. மெம்காப்பி செய்தபோது நகலின் பாயிண்டர் பழைய ஆப்ஜெக்ட்டின் வயிற்றையே காட்டியது. அதே வேரியபிளில் அடுத்த ஆள் ராமன் வந்ததும் போஜனும் ராமன் ஆகிவிட்டார். லட்சுமணன் மாதிரி நீளப் பெயர்களுக்கு வேறு வியாதி: அசலும் நகலும் வெளியே வாங்கிய ஒரே ஹீப் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும், இரண்டும் அதை ஃப்ரீ செய்யும்.

போஜன் ரசீதை என் கையில் திணித்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். நியாயம்தான். ஆனால் அதே ரசீதில் 42 கிலோவுக்கு ஈரக் கழிவு என்று 4 கிலோ பிடித்திருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. மார்ச் மாதம், ஒரு சொட்டு மழை இல்லை! எங்கள் அப்பாவுக்கும் வருஷம் முழுக்க இப்படித்தான் பிடிக்கிறார்கள். மெமரியில் நடந்த தப்பைக் கண்டுபிடிக்க என்னிடம் வால்கிரைண்ட் என்ற கருவி இருந்தது. இதற்கு என்ன இருக்கிறது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்இனிஷியலைஸ்ட் காப்பி போட்டு, ஃப்ரீ செய்யும் முன் ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்ட்டை அழிக்கும் ஃபங்ஷன்) கூப்பிட்டதும் எல்லாம் அடங்கியது. சி++17 என்றால் அதற்கு எஸ்டிடி டெஸ்ட்ராய் இருக்கிறது. தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வெக்டார் போதுமே என்பீர்கள். போதும்தான், இரண்டாவது பதிப்பில் முன்கூட்டியே இடம் ரிசர்வ் செய்து வெக்டாருக்கே மாற்றினேன். ஆனால் அந்த வெக்டாரும் உள்ளே இதே வேலையைத்தான் செய்கிறது. ரஸ்ட் மொழிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அன்சேஃப் பிளாக்கில் பாயிண்டர் வழியாகச் சாதாரணமாக அசைன் செய்தால் அங்கேயும் பழைய மதிப்பு ட்ராப் ஆகும், அதாவது அழிக்கப்படும். பழையதைத் தொடாமல் எழுதத்தான் பிடிஆர் ரைட் இருக்கிறது.

உங்கள் ஸ்ட்ரக்டில் ஸ்ட்ரிங், வெக்டார் எதுவும் இருக்கிறதா என்று சொல்லவில்லையே? வெறும் எண்கள் மட்டும் என்றால் மெம்காப்பியே போதும்; உங்கள் கிராஷுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.