தலையெண்ணிப் பார்ப்பது

அன்புள்ள ஐயா,

முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சமூக அமைப்பு மனிதர்கள் அன்றாடம் பழகுவதிலிருந்து உருவாகிறதா, இல்லை யார் யாரோடு பழகுவது என்பதை அமைப்புதான் முடிவு செய்கிறதா? பிரிட்டிஷ் சமூகவியலாளர் கிடன்ஸ் இரண்டும் என்கிறார், நழுவுகிற மாதிரி இருக்கிறது. இந்தியச் சாதியைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மானுடவியலாளர் துய்மோனைப் படிக்க வேண்டுமா? நான் சாதி பார்ப்பதில்லை, எங்கள் ஊரில் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள்தான் எப்போதும் அதையே பேசுகிறார்கள். மனம் மாறினால் அமைப்பு மாறாதா?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

கிடன்ஸ் நழுவவில்லை, நீங்கள் அவசரமாகப் படித்திருக்கிறீர்கள். துய்மோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி எழுதியது தடித்த புத்தகம், பரீட்சை முடியட்டும். நான் பதில் எழுதுவது உங்கள் கடைசி மூன்று வரிகளுக்காக.

அமெரிக்கச் சமூகவியலாளர் பீட்டர் பிளாவ் 1964இல் நீங்கள் கேட்கிற இடத்தில்தான் தொடங்கினார். இரண்டு பேருக்கு நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கலிலிருந்தே அதிகாரமும் அமைப்பும் எழுந்து வருவதைக் காட்டிவிடலாம் என்று நம்பினார். 1977இல் அந்த வழியை விட்டுவிட்டு, மனம், எண்ணம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துத் தலைகளை எண்ண ஆரம்பித்தார். ஓர் ஊரில் 900 பேர் ஒரு கூட்டம், 100 பேர் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே 50 திருமணங்கள் நடந்தால் சிறிய கூட்டத்தில் பாதிப்பேர் வெளியே சம்பந்தம் செய்தவர்கள், பெரியதில் பதினெட்டில் ஒருவர். இதில் நல்லவன் கெட்டவன் கிடையாது, வெறும் கணக்கு.

நான் வளர்ந்தது மதுரையில் நாயக்கர் மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில். கூடப் படித்த சௌராஷ்டிரப் பையன் வீட்டுக்குள் அம்மாவோடு அவர்கள் மொழியில் சண்டை போடுவான், படி இறங்கினால் என்னைவிட வாய் நீண்ட மதுரைத் தமிழ். அவன் அப்பா, தறியில் உட்கார்ந்திருந்த தாத்தா, எல்லாருக்கும் இரண்டு மொழி. எங்கள் பக்கம்? மளிகைக்கடை அண்ணாச்சிக்கு மட்டும் நாலு வார்த்தை தெரியும், அதுவும் பாக்கி கேட்பதற்கு. அவர்கள் எங்களைச் சந்திக்காமல் ஒருநாளைக் கழிக்க முடியாது, நாங்கள் வருஷக்கணக்கில் கழித்தோம்.

இப்போது உங்கள் "பார்ப்பதில்லை"க்கு வருகிறேன். காலை டீக்கடையிலிருந்து ராத்திரி கடைசி பஸ் வரை தன் ஆட்களோடே இருந்துவிட முடிகிறவனுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. அது பெருந்தன்மை இல்லை தம்பி, எண்ணிக்கை கொடுத்த வசதி. வாசல்படி இறங்கியதும் உங்களில் ஒருவரை எதிர்கொண்டாக வேண்டியவன் அதைப் பேசாமல் வேறெதைப் பேசுவான்? "எப்போதும் அதையே" என்று எழுதக் கூச்சமாக இல்லையா? படிக்கிற பிள்ளை!

சரி, எண்ணிக்கை மட்டும் எல்லாம் செய்துவிடாது, பிளாவே சொல்கிறார். சாதி, நிலம், தெரு, தொழில் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தால், சந்தித்தாலும் கூலிக்காரனும் நிலக்காரனுமாகத்தான் சந்திப்பார்கள். மதுரைப் பக்கம் உத்தபுரத்தில் தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை 2008இல் இடித்தார்கள், அந்தக் கோடு செங்கல்லாக நின்றது அவ்வளவுதான். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், ஒரே ஆபீஸ், ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்து வீடு என்று ஆனால், சொந்தக் கூட்டமே உசத்தி என்று நினைப்பவன்கூட வெளியே பெண் எடுத்துவிடுவான். பிளாவும் அவரோடு சேர்ந்து எழுதிய ஷ்வார்ட்ஸும் அமெரிக்காவின் 125 பெரிய நகரங்களின் திருமணக் கணக்கை வைத்து 1984இல் காட்டியது இதைத்தான். மனம் பல நேரம் பின்னால்தான் வருகிறது.

உங்கள் போனில் கடைசியாகப் பேசிய இருபது பேரை எடுங்கள். யார் எந்தத் தெரு, எந்தக் கூட்டம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மனமாற்றத்தை அப்புறம் பேசலாம்.