மார்கழியில் வேப்பமரத்தில் "ட்சிவீ, ட்சிவீ" என்று நாள் முழுக்கக் கத்தும், கண்ணில் படாத சின்னப் பறவை எது?

நீங்கள் சொல்லும் குரலையும் மாதத்தையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் பச்சைக் கதிர்க்குருவி. விலங்கியல் பெயர் பைலோஸ்கோபஸ் ட்ரோகிலாய்டீஸ். புரட்டாசி, ஐப்பசியில் வந்து சித்திரை வாக்கில் கிளம்பிவிடும்.

பறவைக் கையேட்டுப் படத்தை வைத்துக்கொண்டு இதைத் தேடாதீர்கள். இலை நிறத்தில் இலைகளுக்கு நடுவே திரியும் பறவை அது; காதுதான் உதவும். சத்தம் வந்த கிளையையே பார்த்துக்கொண்டிருந்தால், இலையின் அடிப்பக்கத்தில் பூச்சி பொறுக்க எம்பும்போது மாட்டும். கண்ணுக்கு மேல் வெளிர்மஞ்சள் புருவக்கோடு, இறக்கையில் மெல்லிய ஒற்றைப் பட்டை, ஓயாமல் படபடக்கும் சிறகு. எடை சுமார் 8 கிராம், அதாவது இரண்டு ஒரு ரூபாய் நாணயம். அந்த உடம்போடு இரவில் பறந்து வருகிறது. இமயமலைக் காடுகளிலும் ஒரு கூட்டம் குஞ்சு பொரிக்கிறது, மேற்குச் சைபீரியாவிலும் பொரிக்கிறது. கூட்டைப் பெரும்பாலும் தரையில், பாசிக்கும் வேருக்கும் நடுவே கட்டும்.

இங்கே ஏன் ஓயாமல் கத்துகிறது? குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கென்று சில மரங்களை வளைத்துப் போட்டுக்கொண்டு தனியாக மேயும். "இது என் இடம், வராதே" என்று மற்றக் கதிர்க்குருவிகளுக்குச் சொல்வதுதான் அந்தச் சத்தம். உங்கள் வேப்பமரத்துக்கு இந்த வருடம் உரிமையாளர் அதுதான்.

இந்தச் சாதாரணக் குருவி பரிணாம உயிரியலில் பெரிய புள்ளி. திபெத்தியப் பீடபூமியில் மரம் கிடையாது, அதனால் இந்த இனம் அதைச் சுற்றி வளையம்போல் பரவியிருக்கிறது. தெற்கே இமயமலையில் தொடங்கி மேற்கு வழியாக வடக்கே போகப் போகப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு சிக்கலாகிறது. கிழக்கு வழியாகப் போனாலும் அப்படியே, ஆனால் வேறு தினுசில். இரண்டு கிளையும் மத்தியச் சைபீரியாவில் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டை மற்றது பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. ஜோடி சேர்வதும் அநேகமாக இல்லை. பறவையியலாளர் டைஸ்ஹர்ஸ்ட் 1938-லேயே இப்படி இருக்கலாம் என்று எழுதினார். உயிரியலாளர் டேரன் இர்வின் குழு பாட்டுகளைப் பதிவுசெய்து, பறவைகளுக்கே போட்டுக் காட்டி, 2001-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. ஓர் இனம் இரண்டாகப் பிரிவதை வரைபடத்தில் விரல் வைத்துப் பின்தொடரலாம் என்றால் சும்மாவா? வளையம் நினைத்த அளவுக்கு இடைவெளியில்லாதது அல்ல என்று பிந்தைய மரபணு ஆய்வுகள் திருத்தின. அதனால் அதன் சுவாரசியம் குறைந்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டுக்கு வருபவை மேற்குக் கிளையும் இமயமலைக் கூட்டமும். கிழக்குக் கிளை தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகும். அதற்கு இறக்கையில் பட்டை இரண்டு. உங்கள் மரத்தில் இருப்பதற்கு இரண்டு பட்டை பளிச்சென்று தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். பட்டையே தெரியவில்லை என்றால் குழம்ப வேண்டாம், இறகு தேய்ந்தால் அது மறைந்துவிடும்.