கேளுங்கள், சொல்கிறேன்: கறிக்கடையில் ஒரு உடற்கூறு பாடம்

கேள்வி: நர்சிங் முதல் வருஷம் படிக்கிறேன். உடற்கூறு பாடத்தில் ராத்திரி மனப்பாடம் செய்த பெயர்களில் பாதி காலையில் மறந்துவிடுகிறது. வழி சொல்லுங்கள்.
(மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: பெயரை முதலில் பிடிப்பதால்தான் நழுவுகிறது. வடிவத்தைப் பாருங்கள், இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேளுங்கள், பெயர் பின்னாலேயே வரும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒரு ஆட்டு இதயம் வாங்கி (கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை) குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துச் சுவர் கட்டியாக இருக்கும், இன்னொரு பக்கம் தொளதொளவென்று இருக்கும். கட்டியாக இருப்பது இடது கீழறை. மனிதனுக்கும் அப்படித்தான், இடது சுவர் வலதைப் போல ஏறக்குறைய 3 மடங்கு தடிப்பு.

இத்தனைக்கும் ஒரு துடிப்பில் இரண்டு அறைகளும் தள்ளுகிற ரத்தம் ஒரே அளவுதான். ஆனால் வலதுக்கு வேலை பக்கத்து வீடு மாதிரி இருக்கிற நுரையீரல் வரைக்கும்தான், இடதுக்கோ உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை அனுப்பியாக வேண்டும். கையில் பட்டை கட்டி 120/80 என்று நாம் அளப்பதெல்லாம் இடது பக்கத்துக் கணக்கு, நுரையீரல் தமனியில் மேல் அளவே 25 பக்கம்தான் இருக்கும். இது புரிந்துவிட்டால், பிரஷரை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டவருக்கு இடது கீழறை ஏன் இன்னும் தடித்துப்போகிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அப்புறம் கோழிக்கால். வெட்டிய இடத்தில் வெள்ளை நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தசைநாணை இழுத்தால் விரல் மடங்கும், சின்ன வயதில் இதை வைத்துத் தங்கையைப் பயமுறுத்தாதவர்கள் குறைவு. உங்கள் கையும் அதே ஏற்பாடுதான். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டுங்கள், தசை அங்கே நெளிவது தெரியும். விரலை மடக்கி நீட்டும் தசை விரலுக்குள் கிடையாது. அங்கேயே இருந்திருந்தால் ஒவ்வொரு விரலும் மொந்தன் வாழைக்காய் மாதிரி ஆகி, பூக்கட்டுவது எப்படி, ஊசி பிடிப்பது எப்படி?

கேள்வி: உப்பனாற்றில் வீச்சு வலை வீசும்போது தோள் கழன்றுவிட்டது, இது 2ஆவது தடவை. இடுப்பு மூட்டும் பந்தும் கிண்ணமும்தான் என்கிறார்கள், அது மட்டும் ஏன் கழலுவதில்லை?
(மீனவர், தேவனாம்பட்டினம்)

பதில்: தம்பி, இரண்டும் பந்து கிண்ணம்தான், கிண்ணத்தில்தான் வித்தியாசம். இடுப்பில் பந்து கொட்டாங்குச்சிக்குள் உட்கார்ந்த மாதிரி ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, தோளிலோ கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம்தான். உடம்புப் பாரத்தைத் தாங்குகிற மூட்டுக்கு உறுதி வேண்டும். கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும், அங்கே கிண்ணத்தை ஆழமாக வைத்தால் விளிம்பில் இடித்துப் பாதியிலேயே நின்றுவிடும், நீங்கள் வலை வீச முடியாது. ஆழம் இல்லாத குறையை, சுற்றிப் பிடித்திருக்கிற 4 தசைகள்தான் ஈடுகட்டுகின்றன. வீசும்போது கை உயர்ந்து, விரிந்து, பின்னால் திரும்புகிறதே, பந்து முன்பக்கம் நழுவ அதைவிடத் தோதான நிலை கிடையாது. முதல் தடவையே கிண்ணத்து விளிம்பில் இருக்கிற குருத்தெலும்பு வளையம் கிழிந்திருக்கலாம், அதனால் அடுத்த தடவை சுலபமாகக் கழன்றிருக்கும். யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப் போட விடாதீர்கள், பக்கத்திலேயே நரம்பு போகிறது. எலும்பு டாக்டரைப் பார்த்து எக்ஸ்ரே எடுங்கள், அந்த 4 தசைகளுக்கான பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பேரனுக்கு மணிலாக்கொட்டை மூச்சுக்குழாயில் போய்விட்டது. வலது பக்கம் சிக்கியிருக்கிறது என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அதென்ன வலது?
(பாட்டி, பண்ருட்டி)

பதில்: அம்மா, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் வலது கிளை அகலமாக, குட்டையாக, கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். இடது கிளை, இதயம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதால், அதிகம் வளைந்து போகும். விழுகிற பொருள் நேர் வழியைத்தானே பிடிக்கும்? 5 வயதுக்குக் கீழே முழுக் கொட்டை, முழு முந்திரி எதுவும் வேண்டாம், உங்கள் ஊரிலேயே விளைந்தாலும்.

கேள்வி: உடம்பில் எல்லாமே ஒரு காரணத்தோடுதான் அமைந்திருக்கிறது என்று 30 வருஷம் வகுப்பில் சொன்னேன். சரிதானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: பெரும்பாலும் சரி ஐயா, ஆனால் முழுக்க இல்லை. குரல்வளையை இயக்குகிற இடது நரம்பைப் பாருங்கள். மூளையிலிருந்து கிளம்பிக் கழுத்தில் குரல்வளையைத் தாண்டி, மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போக விழுப்புரம் போய்த் திரும்புகிற கதை. வேலைக்காக இப்படி அமையவில்லை, வந்த வழி அப்படி. மீனில் இதே வழி நரம்பு செவுளுக்கு நேராகப் போய்விடும், கழுத்து என்று ஒன்று இல்லையே. கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது, தமனியில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபட்டது. ஒட்டகச்சிவிங்கிக்கு இந்தச் சுற்று பல மீட்டர். இதனால்தான் குரல் கம்மல் வாரக்கணக்கில் போகாமல் வருகிறவருக்கு, தொண்டையைப் பார்த்த டாக்டர் மார்பையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்கிறார்.