'அதைப் பத்தி ஒண்ணுமில்ல'

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 32 வயது வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

'மூணு வருஷமா சொதிக் கலவை, இடிசாம்பார்ப் பொடி, கூழ்வத்தல் போட்டு விக்கேன். அஞ்சு பொம்பளைங்க என்கிட்ட வேலை பாக்காங்க. சென்னை, பெங்களூர்ல இருந்தெல்லாம் ஆர்டர் வருது, மிஷின் வாங்கத்தான் பணமில்ல. மூணு முதலீட்டாளர்களைப் பாத்தாச்சு. "அடுத்த குழந்தை எப்போ"ன்னு கேக்காங்க. கடைசியாப் பாத்தவர் கூட வந்த அண்ணன் முகத்தைப் பாத்தே பேசினார். கம்பெனில அண்ணனுக்கு 60, எனக்கு 40 பங்கு. அது வீட்டுல பேசி வச்சது, அதைப் பத்தி ஒண்ணுமில்ல. அண்ணன் 2 லட்சம் போட்டாங்க, நான் நகையை வச்சு மூணரை லட்சம். பொம்பளைங்கிறதாலதான் பணம் தர மாட்டேங்காங்களா?'

மகளே, குழந்தையைப் பற்றிக் கேட்பது தப்பு. இன்னும் கேட்பார்கள். விற்பனைக் கணக்கைச் சொல்லிப் பேச்சைத் திருப்பிவிட்டு மேலே போ. அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. தேங்காய்ப்பால் தூள் கட்டிதட்டாமல் இருக்க நீ எட்டு மாதம் பட்ட பாட்டை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பங்கைப் பற்றி எழுதியது ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியைத்தான் நான் நாலு தடவை படித்தேன்.

மூன்றரை லட்சம் போட்டவளுக்கு 40, 2 லட்சம் போட்டவருக்கு 60. இது எந்த ஊர்க் கணக்கு? உழைப்பை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. பெண் பெயரில் எதற்கு என்று அப்பா சொல்லியிருப்பார், நீ தலையாட்டியிருப்பாய். பங்கு கேட்காதவள்தான் நல்ல பெண் என்று நம் பக்கத்தில் சொல்லியே வளர்க்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. நீயோ சொந்தக் கையால் உண்டாக்கியதையே விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

அந்த முதலீட்டாளர் அண்ணனைப் பார்த்துப் பேசினார் என்று உனக்குக் கோபம். பங்குப் பட்டியலைப் படித்துவிட்டு வந்திருப்பார், 60 எங்கே இருக்கிறதோ அங்கே பார்த்திருப்பார். 2016-லிருந்து 2025 மார்ச் வரை இருந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் கொடுத்தார்கள். பெண் என்ற முறையில் அதைக் கேட்டுப் போகும் கம்பெனியில் 51 சதவீதமாவது பெண் கையில் இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. மத்திய அரசு தன் கொள்முதலில் பெண்களின் சிறுதொழில்களுக்கு ஒதுக்கிய 3 சதவீதத்துக்கும் அதே 51தான். பொம்பளை என்பதால் தர மறுக்கிறார்களா என்று கேட்கிறாய். காகிதத்தில் உன் கம்பெனி ஓர் ஆணின் கம்பெனி, மகளே.

நாளைக்கு ஒருவர் பணம் போட்டு, கம்பெனியில் 20 சதவீதம் தன் கைக்கு வருகிற மாதிரி புதுப் பங்கு வாங்கினால், மீதி 80-ல் உன் 40, 32 ஆகிவிடும். அண்ணனுக்கு அப்போதும் 48. இன்றைய கணக்குப்படியே கூட, 2013 கம்பெனிச் சட்டம் 169-ஆம் பிரிவில், பாதிக்கு மேல் ஓட்டு இருக்கிறவர் சாதாரணத் தீர்மானம் போட்டு ஓர் இயக்குநரை நீக்கலாம். உன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல விடுவார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் அப்படிச் செய்ய மாட்டார் என்பாய். நானும் நம்புகிறேன். தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்துகிற தாய்மாமனை, அந்த உறவை, நான் மனசார மதிக்கிறவள். ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு அந்த 60 அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். என் சித்தி ஒருத்தி பாளையங்கோட்டையில் மெஸ் நடத்தினாள். வாடகைப் பத்திரம் கொழுந்தன் பெயரில். அவர் இருந்தவரை ஒரு சொல் வந்ததில்லை. அவருடைய பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த சாயங்காலம் அவர் மகன் வந்து, "பெரியம்மா, சாவியக் குடுங்க" என்றான். முந்தானை முடிச்சை அவிழ்க்க அவளுக்கு விரல் வரவில்லை. நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

உன்னை நம்பி வறுத்து இடிக்கிற அந்த ஐந்து பேருக்கும் நீ கடன்பட்டவள். உன்னை நீக்கினால் அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அடுத்த முதலீட்டாளரைப் பார்ப்பதை நிறுத்திவை. முதலில் ஆடிட்டரைப் பார். போட்ட பணத்துக்கும் உழைப்புக்கும் தக்க பங்கு உன் பெயருக்கு வர வேண்டும், எந்தக் கணக்கிலும் அது 51-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஸ்.எச்-4 என்ற படிவத்தில் அண்ணன் மாற்றித் தரலாம். உடன்பிறந்தவர் தானமாகத் தந்தால் உனக்கு வருமான வரி இல்லை. தானம் வேண்டாம் என்று ரோஷம் இருந்தால் அவருடைய 2 லட்சத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள். பிராண்டு பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் அதே நாளில் கேள்.

வீட்டில் பேசும்போது அழாதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா, அண்ணன், அண்ணி மூன்று பேரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. அண்ணியை விட்டுவிட்டுப் பேசாதே, பின்னால் பழி உன் மேல்தான் வரும். பேங்கில் நகையை வைத்ததற்குக் கொடுத்த ரசீதை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ. அதை அப்பா கையில் கொடுத்து, தொகையை அவரையே வாசிக்கச் சொல்.