பழைய ஃபைபர் பாய்மரப் படகுகள்: கேள்வி பதில்

கே: முதல் படகாகக் கேட்டலினா 22 வாங்கலாமா?

ப: தாராளமாக. ஃபிராங்க் பட்லர் வடிவமைத்து 1969இல் வந்த படகு. 15,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். கீல் என்பது படகின் அடியில் நீரில் இறங்கி நிற்கும் கனமான தகடு. ஆடும் கீல் உள்ள ரகத்தில், கீலைத் தூக்கினால் 2 அடித் தண்ணீர் போதும். இறக்கினால் 5 அடி வேண்டும். வசதியும் வம்பும் அங்கேதான். 550 பவுண்டு இரும்பு ஒரே ஊசியில் தொங்குகிறது. படகைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, கீல் நுனியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று அடித்தால் ஊசியோ துளையோ தேய்ந்திருக்கிறது. கீலைத் தூக்கும் கம்பிக் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். அப்புறம், மேல்தளத்தைத் தட்டிப் பாருங்கள்.

கே: எவ்வளவு வேகம் போகும்?

ப: நீர்மட்ட நீளத்தை, அதாவது படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை, அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். கேட்டலினா 22இன் 19.3 அடிக்குச் சுமார் 5.9 நாட் (மணிக்குச் சுமார் 11 கி.மீ.). அலையில் சறுக்கினால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கே: மேல்தளத்தில் கால் வைத்தால் அமுங்குகிறதே?

ப: அதற்குத்தான் தட்டச் சொல்கிறேன். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சாவோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி அது ஊறிவிட்டது. திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினால் நல்ல இடம் ‘டக்’ என்னும், ஊறின இடம் ‘தொப்’ என்னும்.

கே: காண்டெஸா 32 என்ற படகுக்குக் கவிழும் கணக்கு (எளிதில் கவிழுமா என்று சொல்லும் எண்) 1.79 வருகிறது. 2க்குக் கீழே இருந்தால் கடலுக்குப் போகலாம்தானே?

ப: 1979 ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் பந்தயத்தில் வீசிய புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தபிறகு வந்த கணக்கு அது. பவுண்டில் உள்ள எடையை 64ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்து, அதால் அடியில் உள்ள அகலத்தை வகுப்பார்கள். பார்ப்பது எடையும் அகலமும் மட்டும். கீலில் உள்ள பாரத்தை எல்லாம் பாய்மர உச்சியில் கட்டுங்கள். அப்போதும் அதே 1.79!

கே: ஆனால் அதே பந்தயத்தில் தன் பிரிவில் கரை சேர்ந்த ஒரே படகு ‘அசென்ட்’, அது காண்டெஸா 32. எண் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது?

ப: கரை சேர்ந்தது உண்மை. எண்ணுக்கு அதில் பாதிப் பங்குதான். 9,500 பவுண்டில் 4,500 கீலில், ஆழத்தில் இருக்கிறது, உடலும் குறுகல். அதனால் தலைகீழானாலும் நிமிரத் துடிக்கும். அகலமான படகு முதலில் கெட்டியாக நிற்கும், கவிழ்ந்தபின் குப்புற விழுந்த மேசைபோலக் கிடக்கும். எத்தனை பாகை சாய்ந்தபின் நிமிரும் விசை தீர்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய படகுக்கு அது கிடைப்பது கஷ்டம்தான். அதற்காக அரைகுறை எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

கே: அப்போ கேட்டலினா 22க்கு?

ப: 2.3. ஏரிக்கும் அமைதியான விரிகுடாவுக்கும் கட்டியது.

கே: கேட்டலினா 22 நல்ல படகா?

ப: முதல் பதிலைப் படியுங்கள், ஐயா.

கே: நம் ஊர் மீன்பிடி ஃபைபர் படகில் பாய் கட்டினால் ஓடுமா?

ப: பின்காற்றில் ஓடும். எதிர்க்காற்றில் பக்கவாட்டில் நழுவும். அது மோட்டாருக்குக் கட்டியது, அடியில் ஆழமான கீல் கிடையாது. கட்டுமரக்காரர்கள் இதற்குத்தான் பக்கத்தில் பலகை இறக்குவார்கள்.

கே: கேட்கிற விலை நியாயமா?

ப: படகைச் சோதித்து மதிப்பிடும் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.