ஊசி போட்ட இடம் கண்டிப்போகுது எண்டு நிறுத்தலாமோ?

தங்கச்சி, இரண்டு கரு கலைஞ்சு, லூபஸ் அன்ரிகோயகுலன்ட் (ரத்தத்தை உறையப்பண்ணக்கூடிய ஒரு எதிர்ப்பொருள்) ஒருக்கா பொசிட்டிவ் வந்து, இப்ப 8 கிழமைக் கர்ப்பத்தில, ரத்தம் உறையாமலிருக்கப் போடுற இனொக்சாபரின் ஊசி 40 மில்லிகிராமும் அஸ்பிரின் 75ம் எடுக்கிறீங்கள். வயிறெல்லாம் நீலம் பாரிக்குது, விடலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். நீங்களா நிறுத்தாதேங்கோ.

கண்டல் பெரும்பாலும் போடுற விதத்தாலதான். சிரிஞ்சுக்குள்ள இருக்கிற காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம். கடைசித் துளி மருந்தையும் உள்ளுக்குத் தள்ளுறது அதுதான். தொப்புளிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடிச்சு, நேராக் குத்துங்கோ. ஊசியை இழுக்கும்வரை பிடியை விடக்கூடாது. பிறகு தேய்க்கவே வேண்டாம். இண்டைக்கு இடம் எண்டால் நாளைக்கு வலம். முரசு கசிஞ்சாலோ, கீழால ரத்தம் போனாலோ அது வேற கதை, உடனே காட்டுங்கோ.

ஒரு பொசிட்டிவை வைச்சு அன்ரிபொஸ்போலிப்பிட் நோய் (இந்த எதிர்ப்பொருளால ரத்தம் உறையிற, கரு கலையிற நோய்) எண்டு முடிவுகட்டேலாது. காய்ச்சலுக்குப் பிறகும் கொஞ்சநாள் அப்படி வரும். 12 கிழமைக்குப் பிறகு திரும்பச் செய்யவேணும், இதே வகை எதிர்ப்பொருள் சோதனைகளான அன்ரிகார்டியோலிப்பினும் அன்ரி-பீற்றா-2 கிளைக்கோபுரோட்டீனும் சேர்த்து. இனொக்சாபரின் மாதிரி ஹெப்பாரின் வகை மருந்து லூபஸ் அன்ரிகோயகுலன்ட் சோதனையைக் குழப்பும். அடுத்த ஊசிக்குச் சற்று முன்னம் ரத்தம் குடுத்து, மருந்தின்ர பெயரையும் சொல்லுங்கோ. ரத்தம் கூட உறையாமல் தடுக்கிற புரோட்டீன் எஸ் கர்ப்பத்தில தானாவே குறையும், இப்ப பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிள்ளைப்பேற்று நோவு தொடங்கினால் ஊசி போடாமல் போதனா வைத்தியசாலைக்கு வெளிக்கிடுங்கோ. இந்த அளவு போட்டு 12 மணித்தியாலம் ஆகாமல் முதுகில மரப்பூசி ஏத்தமாட்டினம். அதால கடைசியாப் போட்ட நேரத்தைக் கிளினிக் அட்டையில எழுதி வையுங்கோ.